ஜெய்லானி பாயின் அரை மில்லிமீட்டர்

ஊர் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்த ஊர் மெயின் ரோட்டுக்காரர்கள் நாளைக்கே டேப்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவார்கள். விருதுநகருக்கும் சிவகாசிக்கும் பக்கத்தில், பஸ் ஸ்டாண்டும் பஜாரும் ஒரே ரோட்டில் இருக்கிற ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2004-இல் அந்த ஊரின் பழைய மாஸ்டர் பிளானைத் திருத்தி வரையும் வேலை எங்களுக்கு வந்தது. எங்களுக்கு என்றால், விருதுநகர் பஜாரில் ஒரு பாத்திரக்கடை மாடியில் வரைபட அலுவலகம் வைத்திருந்த செல்லச்சாமிக்கு. நான் அவரிடம் சர்வேயர். பெயர் லட்சுமிகாந்தம். பெயரை மட்டும் பார்த்துவிட்டு 'திருமதி' என்று போட்டுக் கடிதம் எழுதுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் பதில் போடுவதில்லை.

மாஸ்டர் பிளான் என்பது ஊரின் ஒவ்வொரு மனையும் இனி எதற்குப் பயன்படலாம் என்று வண்ணத்தில் சொல்லும் பெரிய வரைபடம். வீட்டுக்கு மஞ்சள், கடைக்கு நீலம், தொழிற்சாலைக்கு ஊதா, பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் சிவப்பு, வயலுக்கும் பூங்காவுக்கும் பச்சை. பிற்காலத்தில் அகலப்படுத்தப் போகிற ரோட்டுக்குச் சாம்பல். இந்தச் சாம்பலைத்தான் முக்கியமாக நினைவில் வைக்க வேண்டும். சாம்பல் விழுந்த இடத்தில் ஒருவரும் ஒரு செங்கல்கூட வைக்க முடியாது.

வண்ணம் தீட்ட வந்தவர் ஜெய்லானி பாய். சிவகாசிக்காரர். அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது. பதினேழு வயதிலிருந்து அச்சாபீஸில் காலண்டர் படங்களுக்குக் கலர் பார்த்துக்கொண்டிருந்தவர். முருகன், மகாலட்சுமி, மாதா, மக்கா என்று எல்லாருக்கும் நிறம் கொடுத்த கை. கையில் ஒரு குறையும் இல்லை, நெஞ்சில்தான் கோளாறு. ரோலர் கழுவுகிற மண்ணெண்ணெய் வாடையும் மை வாடையும் உள்ளே போய்ப் போய் இருமல் நிரந்தரமாகக் குடிவந்துவிட்டது. இனி அச்சாபீஸ் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அவருடைய மனைவி ஆசியா பீவிதான் அவரை மாடிப்படி ஏற்றிக் கூட்டிக்கொண்டு வந்தார். கலர் டப்பாவை ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்து பார்த்தார். "தண்ணிக் கலர்தான அண்ணே? வாடை ஒண்ணும் கிடையாதுல்ல?" என்று செல்லச்சாமியிடம் கேட்டார்.

"பச்சத் தண்ணிம்மா. இந்த ஊரு முடிஞ்சா அடுத்த ஊரு, அது முடிஞ்சா அதுக்கு அடுத்த ஊரு. பாய்க்கு ஆயுசுக்கும் இங்கனயே வேலை இருக்கும்" என்றார் செல்லச்சாமி. ஆசியா பீவி அன்றைக்குப் படியிறங்கிப் போன வேகத்தைப் பார்த்தால் அவர் வயசில் பத்து குறைந்ததுபோல இருந்தது.

வண்ணம் போடுகிறவர் தெருவுக்கு வர வேண்டியதில்லை. நான் அளந்து குறித்துவந்து பென்சிலில் வரைவேன், அவர் மேசையில் உட்கார்ந்து நிரப்பினால் போதும். ஆனால் பாய் கேட்கவில்லை. "ஆளப் பாக்காம எப்படி சார் சட்டை தைக்க?" என்று சொல்லிக்கொண்டு பங்குனி வெயிலில் என் பின்னாலேயே நடந்தார். நான் டேப்பைப் பிடித்துக்கொண்டு எரிச்சலோடு நடப்பேன். எனக்கு வெயில் ஆகாது, ஜனங்கள் கேட்கிற கேள்வியும் ஆகாது. பாய் வாசல் வாசலாக நின்று, சுவரில் படுகிற வெளிச்சத்தைப் பார்ப்பார்.

பஜாருக்குள் ஒரு வீடு. முன்பக்கம் டீக்கடை. நடுவில் குடும்பம் இருக்கிறது. பின்கட்டில் நாலு பெண்கள் உட்கார்ந்து பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தார்கள். மாடியில் டைப்ரைட்டிங் வகுப்பு. நான் விதிப்படி முன்பக்கத்தைப் பார்த்து 'கடை, நீலம்' என்று எழுதினேன். பாய் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"உள்ள தொட்டில்ல ஒரு பிள்ளை தூங்குது சார்."

"தூங்கட்டும் பாய்."

"நீலத்துலயா தூங்கும்?"

விதியில் தொட்டிலுக்கு வண்ணம் இல்லை. அன்று சாயந்தரம் பஸ்ஸில் வரும்போது நான் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஆமத்தூர் தாண்டும்போது வெளியே பார்த்தால் கரிசல் காடு, அதில் பழுப்புப் புல், அங்கங்கே தனித்தனியாக நிற்கிற பட்டாசுக் கொட்டகைகள், அந்தி வெளிச்சம். எல்லாம் யாரோ இப்போதுதான் தீட்டி, காயட்டும் என்று விட்டுவிட்டுப் போனதுபோல் ஈரமாக இருந்தது. பாயோடு ஒரு மாதம் நடந்தால் யாருக்கும் இப்படி ஆகிவிடும்.

அந்தப் பிளானுக்குக் கெடு வருஷம் 2021. அதாவது நாங்கள் வரைந்தது இருக்கிற ஊரை அல்ல, பதினேழு வருஷம் கழித்து இருக்கப்போகிற ஊரை. மத்தியானம் சாப்பிட்டு முடிந்ததும் வரைபடத்தைத் தரையில் விரித்துப் போடுவோம். கீழே பாத்திரக்கடையில் யாரோ ஒரு குண்டானைத் தட்டிப் பார்க்கும் ஓசை எங்கோ தூரத்துக் கோயில் மணிபோல மேலே வரும். மின்விசிறிக் காற்றில் தாளின் ஓரம் மெல்ல எழுந்து எழுந்து அடங்கும். முள்ளுக்காடாகக் கிடந்த ஓடைக்கரையில் செல்லச்சாமி ஒரு 'உத்தேசப் பூங்கா' போட்டிருந்தார். பாய் அதற்கு நாலு நாள் பச்சை கலந்தார்.

"வாங்க சார், பூங்காவுக்குப் போயிட்டு வருவோம்" என்பார். வரைபடத்தில் பஸ் ஸ்டாண்டில் விரலை வைத்து, மெயின் ரோட்டில் மெதுவாக நடத்திக்கொண்டு போவார். "இந்தா, நீலத்துல ரெண்டு பக்கமும் கடை. ரோடு நூறு அடி. வேப்பமரம் வச்சிருக்காக. லாரி கீரி ஒண்ணும் இங்கன வராது, அம்புட்டும் புறவழில போயிருது. கேக்குதா சார், எம்புட்டு அமைதியா இருக்கு." நான் கணக்குப் பார்த்து வாழ்கிற ஆள். கற்பனைக்கும் எனக்கும் ஆகவே ஆகாது. அப்படியிருந்தும் அந்த விரலின் பின்னாலேயே நானும் நடந்து போய், அந்தப் பச்சையில் உட்கார்ந்து கால் நீட்டியிருக்கிறேன். ஓடையில் தண்ணீர் ஓடுவதுகூடக் கேட்டது. சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்வதில் வெட்கம் என்ன இருக்கிறது? அந்த மூன்று மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன்.

இப்போது வேலை நடந்த விதத்தைச் சொல்ல வேண்டும். முறைப்படி நான் பென்சில் கோட்டின்மேல் மை இழுத்த பிறகுதான் வண்ணம் போட வேண்டும். பாய், தண்ணீர் பட்டால் மை கசியும் என்றார். "எங்க பிரஸ்ல கறுப்பு கடைசியிலதான் சார் ஏறும்." சரி என்று விட்டுவிட்டேன். அவர் முதலில் வண்ணத்தை நிரப்பினார். பென்சில் கோடு வண்ணத்துக்கு அடியில் போய்விட்டது. நான் அந்த வண்ணத்தின் ஓரத்தை ஒட்டி ஸ்கேலை வைத்து மையில் கோடு இழுத்தேன். பாயின் ஓரங்கள் கத்தியால் அறுத்ததுபோல் இருக்கும். அதைவிட நல்ல வழிகாட்டி வேறு எது?

சித்திரை முடிவில் வரைவுத் திட்டத்தை நகராட்சிக் கூடத்தில் மாட்டினார்கள். ஆட்சேபணை இருந்தால் இரண்டு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று அறிவிப்பு. முதல் வாரம் திருவிழாக் கூட்டம். ஒவ்வொருவரும் தன் வீட்டைத் தேடி விரலால் தடவித் தடவி, பாய் தீட்டிய பஜாரை அழுக்காக்கினார்கள். எல்லாருக்கும் நீலம் வேண்டும், நீலம் விழுந்தால் மனைக்கு மவுசு. பாய் ஒரு மூலையில் நின்று, ஜனங்கள் தன் ஊருக்குள் நுழைந்து நடப்பதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்சேபணைக் கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது அய்யம்மாள் எங்கள் மாடிக்கு வந்தார். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை. நகத்துக்கடியில் வெள்ளி நிற மருந்து. கையில் மஞ்சள் பை, அதற்குள் பத்திரம்.

"இங்கனதான் அந்த மேப்பு போட்டீகளா சார்?"

"ஆமா. என்ன வேணும்?"

"மெயின் ரோட்டோரம் எங்களுக்கு ரெண்டு சென்ட் கிடக்கு. நானும் எங்க வீட்டுக்காரரும் பட்டாசு உருட்டி வாங்குனது. வீடு கட்ட எழுதிக் குடுத்தோம். மேப்புல சாம்பக் கலர் விழுந்திருக்கு, கட்டக் கூடாதுன்னு திருப்பி விட்டுட்டாக. அஸ்திவாரம் தோண்டியாச்சு சார். குடியிருக்கிற வீட்ட ஆவணிக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டாக. பதினோரு வருசமா அடுத்தவுக வாசல்லதான் செருப்பக் கழட்டுறோம்."

அழவில்லை. சொல்லிவிட்டு நின்றார். பத்திரத்தைப் பார்த்தேன். ரோட்டை ஒட்டி நீளவாக்கில் கிடக்கிற துண்டு, ஐம்பத்தெட்டு அடி நீளம், பதினைந்தே அடி அகலம். வரைபடத்தில் அந்தப் பதினைந்தில் ஏறக்குறையப் பாதியைச் சாம்பல் தின்றிருந்தது. மிச்சத்தில் ஒரு திண்ணைதான் கட்டலாம். அரசாங்கம் ரோடு போடுகிறது, நாம் என்ன செய்வது என்று சொல்லி அனுப்பத்தான் இருந்தேன். பாய் அதற்குள் செருப்பை மாட்டிவிட்டார்.

மூவரும் போனோம். நடு ரோட்டில் நின்று டேப்பைப் பிடித்தேன். நூறு அடி ரோடு என்றால் நடுவிலிருந்து பக்கத்துக்கு ஐம்பது அடி. ஐம்பதாவது அடி, அய்யம்மாள் நட்டிருந்த எல்லைக்கல்லில் போய்த் தொட்டது. என் நோட்டிலும் ஐம்பது என்றுதான் இருக்கிறது. அப்படியானால் சாம்பல் அந்தக் கல்லோடு நின்றிருக்க வேண்டும். திரும்ப வந்து வரைபடத்தை அளந்தேன். ஐம்பத்தாறரை. இன்னொரு இடத்தில் அளந்தேன். ஐம்பத்தாறரை. ரோட்டின் இரண்டு பக்கமும், ஒன்றரைக் கிலோமீட்டருக்கும், எங்கு வைத்தாலும் ஐம்பத்தாறரை. எங்கள் தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் நாலு மீட்டர், அதாவது பதின்மூன்று அடி. சாம்பல் அரை மில்லிமீட்டர் பருத்திருந்தது.

பாய் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என் கைதான் சார்" என்றார். அச்சில் இரண்டு நிறம் ஒன்றையொன்று தொட்டால் மட்டும் போதாதாம். தாள் கொஞ்சம் நகர்ந்தாலும் நடுவில் வெள்ளை இழை தெரிந்துவிடும், சாமியின் கிரீடம் தலையைவிட்டுத் தனியாகப் பறக்கும். அதனால் ஒரு நிறத்தை அடுத்த நிறத்தின்மேல் மயிரிழை ஏற்றிவிடுவார்கள். இருபத்தொன்பது வருஷமாக அப்படித்தான் செய்திருக்கிறார். இங்கேயும் கை தானாகவே நீலத்தின்மேலும் மஞ்சளின்மேலும் சாம்பலை ஏற்றியிருக்கிறது. கை கொஞ்சம் நடுங்கியிருந்தால்கூட யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். பாயின் கை நடுங்காது.

ஆனால் வண்ணம் வெறும் வண்ணம்தான். பருத்த ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, நோட்டைப் பார்க்காமல், மையில் எல்லை போட்டவன் நான். படித்தவன், டிப்ளமா வாங்கியவன், அளவுக்குப் பொறுப்பு என்று என் நோட்டில் கையெழுத்துப் போட்டவன்.

செல்லச்சாமி கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். "வாயத் திறக்காதீக. 2021-ல எவன் வந்து அளக்கப் போறான்? இப்பச் சொன்னா கான்ட்ராக்ட் போச்சு. லட்சுமிகாந்தம், உன் லைசென்ஸும் போச்சு."

"அந்தம்மா வீடு சார்?" என்றார் பாய்.

"ஊருல ஆயிரம் பேருக்கு வீடு இல்ல பாய்."

பாய் கடைசி நாளன்று நகராட்சிக்குப் போய் ஆட்சேபணை மனு கொடுத்துவிட்டார். எங்களிடம் சொல்லவே இல்லை. விசாரணை நாளன்று கூடத்தில் அதிகாரி மனுவை வாசித்தபோதுதான் எனக்குத் தெரியும். அதுவரை எண்பத்தேழு மனு வந்திருந்தது. எல்லாம் எனக்கு நீலம் கொடு, என் பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கொடுக்காதே என்கிற ரகம். எண்பத்தெட்டாவது இது.

"ஜெய்லானி யாரு? உங்க மனை எது?" என்று அதிகாரி கேட்டார்.

பாய் எழுந்து நின்றார். வெள்ளைச் சட்டை, அதன் பையில் ஒரு பிரஷ். எடுத்து வைக்க மறந்துவிட்டார்போல. "எனக்கு அங்கன மனை கிடையாதுங்க. அந்த மேப்புக்குக் கலர் போட்டவன். என் கையால ரோடு ரெண்டு பக்கமும் ஆறரை அடி பெருத்துப் போச்சு. அந்த ரோட்டுல இருக்கிற அம்புட்டுப் பேர் இடத்தையும் தின்னிருக்கேன். திருத்திக் குடுத்துருதேன்."

ஜன்னல் வழியே வெயில் வந்து சுவரில் தொங்கிய வரைபடத்தின்மேல் விழுந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் மஞ்சளும் நீலமும் பச்சையும் கண் கூசும்படி எரிந்தன. இது நடக்கவில்லை, மத்தியானத் தூக்கத்தில் நாங்கள் அந்தத் தாளுக்குள் நடந்துகொண்டிருக்கிறோம், இன்னும் கொஞ்ச நேரத்தில் பாய் என்னை எழுப்புவார் என்று எனக்குப் பட்டது.

அதிகாரி எழுந்து வந்து வரைபடத்தில் மூக்கை வைத்துப் பார்த்தார். "கலர் பெருத்தா என்ன, கோடு இருக்கே. மையில போட்ட கோடும் அங்கேதானே இருக்கு. கோடு யார் போட்டது?"

செல்லச்சாமி என் பக்கம் திரும்பவே இல்லை. நான் மின்விசிறியைப் பார்த்தேன். மூன்று இறக்கைகள். அவற்றில் ஒன்று லேசாக வளைந்திருந்தது. எழுந்திரு என்று எனக்கு நானே சொன்னேன். அந்த இறக்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கோடும் நான்தானுங்க" என்றார் பாய்.

திருத்தம் செய்ய உத்தரவானது. பாய் பதினாறு நாள் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு எல்லாப் பிரதியையும் மறுபடி தீட்டினார். இந்தத் தடவை நான் ஒவ்வொரு அடியையும் நோட்டைப் பார்த்து மையில் இழுத்த பிறகுதான் அவர் தூரிகையைத் தொட்டார். மத்தியானங்களில் பூங்காவுக்குப் போகவில்லை. வேலை முடிந்த அன்று செல்லச்சாமி, "அடுத்த ஊருக்கு வேற ஆளப் பாத்துக்கிடுதேன் பாய்" என்றார். ஆடியில் காலண்டர் சீசன் ஆரம்பித்தது. பாய் அச்சாபீஸுக்கே திரும்பிப் போய்விட்டார். என் லைசென்ஸ் பத்திரமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

ஆவணிக் கடைசியில் அய்யம்மாள் வீட்டில் பால் காய்ச்சு. வந்தே ஆக வேண்டும் என்று அவர் தன் வீட்டுக்காரர் சோணைமுத்துவை அனுப்பிக் கூப்பிட்டிருந்தார். பூசாத சுவர், இரண்டு அறை, ரயில் பெட்டிபோல ஒடுங்கி நீண்ட வீடு. உள்ளே ஈரச் சிமென்ட்டும் மஞ்சளும் பால் பொங்கிய வாசமும். ஜன்னல் வழியே மெயின் ரோட்டில் போகிற பஸ்களின் நிழல் சுவரில் மிதந்து மிதந்து போயிற்று. பாயும் ஆசியா பீவியும் எனக்கு முன்பே வந்து கோரைப்பாயில் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் புதுக் கோலத்துக்குப் பக்கத்தில் அய்யம்மாளின் செருப்பு கிடந்தது. அவர் அதை இரண்டு தடவை நேராக எடுத்து வைத்ததைப் பார்த்தேன்.

எனக்கு டம்ளரில் பால் கொண்டுவந்து தந்தார். "நீங்களும் கூட்டத்துல ஒரு வார்த்த சொல்லியிருப்பீக சார். இல்லாட்டி நடக்குமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பாய், "சாரு இல்லாம எப்படிம்மா" என்றார். சொல்லிவிட்டு இருமினார். இருமல் நிற்காததால் எழுந்து வாசலுக்குப் போனார். அய்யம்மாள் தண்ணீர் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

அறையில் நானும் ஆசியா பீவியும் மட்டும் இருந்தோம். அவர் முந்தானையை இழுத்துத் தலையில் சரிசெய்துகொண்டார். குரலை உயர்த்தவில்லை.

"சார், ஒண்ணு கேக்கவா? எங்க வீட்ல உள்ளவுகளுக்குப் பிரஷ்தான் பேசும். ஸ்கேலும் மைப் பேனாவும் குடுத்தா அந்தால சொட்டு விழுந்துரும். பிள்ளைக நோட்டுக்கு மார்ஜின் போடக்கூட நான்தான் போடுவேன். கூட்டத்துல கோடும் நான்தான்னு சொன்னாகளாமே. யாரு சார் போட்டது?"

கூடத்தில் வராத குரல் அங்கே வந்தது.

"நான்தாம்மா."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். வெளியே பாய் இருமுவது கேட்டது.

"பால் ஆறுது சார். குடிங்க" என்றார்.

அந்தப் பாலை எப்படிக் குடித்தேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் குடித்தேன்.